அமெரிக்க ஃபெடரல் வழக்குகளில் குற்ற ஒப்புதல் பேரம்: விதி சொல்வதும் நடைமுறையில் நடப்பதும்

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஒருவர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வரும்போது, நீதிபதி அவரை உறுதிமொழி ஏற்கச் செய்து, திறந்த நீதிமன்றத்தில் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்பார். ஜூரி முன் விசாரணை கோரும் உரிமையும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் இத்துடன் போய்விடும் என்பது தெரியுமா? அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்பது புரிந்ததா? யாரேனும் மிரட்டியோ, ஒப்பந்தத்தில் எழுதப்படாத வாக்குறுதி தந்தோ உங்களை இதற்கு இணங்க வைத்தார்களா? கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில் ‘இல்லை’ என்பதுதான். சட்டத்தின் கண்ணில் அந்தப் பதில் சரியானது. ஆனால் அதைச் சொல்ல வைக்கும் நெருக்கடி, நீதிபதியின் பார்வை எட்டாத இடத்தில், பல மாதங்களுக்கு முன்பே உருவாகிவிடுகிறது.

இந்தக் கேள்விகளைக் கட்டாயமாக்குவது ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் 11ஆம் விதி. 2018 நிதியாண்டில் ஃபெடரல் குற்ற வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 80,000 பேரில் 90 விழுக்காட்டினர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். விசாரணை வரை சென்றவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களின் வழக்குகள் தள்ளுபடியாயின. ஆகவே அந்நாட்டில் ஃபெடரல் குற்றவியல் நீதி என்பது பெரும்பாலும் விசாரணைக் கூண்டில் அல்ல, ஒப்புதலுக்கு ஈடாக அரசு எதை விட்டுக்கொடுக்கும் என்று பேரம் பேசும் பேச்சுவார்த்தை மேசையில்தான் நடக்கிறது.

அந்த மேசையில் அமர்பவர்கள் அரசு வழக்கறிஞரும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் (வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடினால் அவரே). நீதிபதி பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. உருவாகும் ஒப்பந்தம் மூன்று வகைப்படும். முதல் வகையில் அரசு சில குற்றச்சாட்டுகளைக் கைவிடுகிறது அல்லது புதிதாகச் சுமத்தாமல் இருக்கிறது. இரண்டாவதில் இன்ன தண்டனை போதும் என்று பரிந்துரை மட்டும் செய்கிறது. மூன்றாவதில் தண்டனை அளவோ வரம்போ உடன்பாட்டிலேயே தீர்மானிக்கப்பட்டு, நீதிபதி ஏற்றுக்கொண்டால் அவரையும் கட்டுப்படுத்துகிறது. கையெழுத்திடுபவர் தமது ஒப்பந்தம் எந்த வகை என்பதை அறிந்திருப்பது மிக முக்கியம். முதல் வகையையும் மூன்றாம் வகையையும் நீதிபதி நிராகரித்தால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இரண்டாம் வகையில் நீதிபதி பரிந்துரையைப் புறக்கணித்து அதைவிடக் கூடுதலாகத் தண்டித்தாலும், அந்தக் காரணத்துக்காக ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்டனைக் கணக்கைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஃபெடரல் வழிகாட்டு நெறிகளின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு நிலை எண் உண்டு. முன்குற்றம் ஏதும் இல்லாத ஒருவர் 26ஆம் நிலையில் இருந்தால் பரிந்துரைக்கப்படும் சிறைவாசம் 63 முதல் 78 மாதங்கள். பொறுப்பை ஏற்று ஒப்புக்கொண்டால் இரண்டு நிலைகள் குறையும். உரிய காலத்திலேயே முடிவைத் தெரிவித்து அரசுக்கு விசாரணைத் தயாரிப்பு வேலை மிச்சமாகியிருந்தால், அரசு வழக்கறிஞரின் மனுவின் பேரில் மேலும் ஒரு நிலை குறையும். அப்போது கணக்கு 46 முதல் 57 மாதங்கள் ஆகிவிடும். விசாரணைக்குச் சென்று, தாமே சாட்சியம் அளித்து, அது பொய் என்று நீதிபதி முடிவு செய்தால் இரண்டு நிலைகள் கூடி 78 முதல் 97 மாதங்கள் வரை போகலாம். 2005 முதல் இந்நெறிகள் நீதிபதியைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டைச் சலுகை என்று சொல்லி நியாயப்படுத்தலாம். நியாயப்படுத்தக் கடினமானது கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை. எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது என்று தேர்ந்தெடுப்பவர் அரசு வழக்கறிஞர். அது நிரூபணமானால், மிகச் சில விலக்குகள் தவிர, தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. யூட்டா மாநிலத்தின் வெல்டன் ஏஞ்சலோஸ் வழக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. போலீஸ் உளவாளியிடம் ஒவ்வொரு முறையும் 350 டாலருக்கு மூன்று முறை கஞ்சா விற்றார் என்பதும், துப்பாக்கி வைத்திருந்தார் என்பதும் அவர் மீதான குற்றச்சாட்டு. துப்பாக்கியால் யாரையும் சுட்டதாகவோ மிரட்டியதாகவோ அல்ல. ஒப்புக்கொண்டால் 15 ஆண்டுகள் என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்ததும் கூடுதல் துப்பாக்கிக் குற்றச்சாட்டுகளுடன் புதிய குற்றப்பத்திரிகை வந்தது. அவற்றில் மூன்று நிரூபணமாயின: முதலாவதற்கு 5 ஆண்டுகள், அடுத்த இரண்டுக்கும் தலா 25 ஆண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. 2004இல் 55 ஆண்டுத் தண்டனையை அறிவித்த நீதிபதி பால் கேசல், அது அநீதியானது, கொடுமையானது என்று தம் தீர்ப்பிலேயே எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் விதித்தார். ஏஞ்சலோஸ் 2016இல் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டுகளை இப்படி அடுக்குவதற்கு 2018ஆம் ஆண்டின் முதல் படிச் சட்டம் வரம்பு விதித்தது. செய்த செயல் ஒன்றேதான். அதன் விலையை 15இலிருந்து 55 ஆக்கியது விசாரணை கேட்டார் என்ற ஒன்று மட்டுமே என்பதை எந்தச் சட்ட நுணுக்கத்தாலும் மறைக்க இயலாது.

இப்படி மிரட்டுவது சட்டவிரோதமா? இல்லை. கென்டக்கி மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1978இல் இதற்கு விடை தந்தது. 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள போலிக் காசோலை தொடர்பாக 5 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொள்ளும்படி அரசு வழக்கறிஞர் கேட்டார். மறுத்தால் தொடர் குற்றவாளிச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை கேட்பேன் என்றார். மறுத்தவருக்கு ஆயுள் தண்டனையே கிடைத்தது. ஏற்கவோ மறுக்கவோ உரிமை இருக்கும்வரை இது பேரத்தின் இயல்பான கொடுக்கல் வாங்கல்தான் என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு இன்றும் ஃபெடரல் வழக்குகளுக்கும் பொருந்துகிறது. ஒப்புதல் வாங்குவதற்காகவே குற்றச்சாட்டுகளைக் குவிக்கக் கூடாது என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் கையேடு அரசு வழக்கறிஞர்களுக்குச் சொல்கிறது. ஆனால் கையேட்டை மீறியதாகக் காட்டி யாரும் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க முடியாது. கட்டாயத் தண்டனை தரும் குற்றச்சாட்டுகளைச் சுமத்தும் வழக்கத்தை, அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பதவியில் இருந்து 2013இல் ஹோல்டரும் 2022இல் கார்லண்டும் தளர்த்தினர். அதே பதவியில் இருந்து 2017இல் செஷன்ஸும் 2025இல் போண்டியும் மிகக் கடுமையானதையே சுமத்துமாறு ஆணையிட்டனர். அட்டர்னி ஜெனரல் மாறினால் பேரத்தின் எடைக்கல்லும் மாறுகிறது.

மற்றொரு கருவி ஒத்துழைப்பு. பிறருக்கு எதிராகக் கணிசமாக உதவினால் கட்டாயக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டிக்கலாம்; ஆனால் அதற்கான மனுவை அரசுத் தரப்பு மட்டுமே தாக்கல் செய்ய முடியும். தமிழர்கள் பலர் அறிந்த கேலியன் முதலீட்டு நிறுவனத்தின் பங்குச்சந்தை உள்தகவல் மோசடி வழக்கில் கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் விசாரணையை எதிர்கொண்டு, 2011இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருக்குத் தகவல் தந்ததை ஒப்புக்கொண்டு, அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன அனில் குமாருக்கும் ராஜீவ் கோயலுக்கும் சிறை இல்லை. இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. பெரிய மோசடிகளை இந்த வழியின்றி வெளிக்கொணர்வது அரிது என்று அரசு வழக்கறிஞர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் பிறரைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லாத கடைநிலை ஆள், விற்கச் சரக்கே இல்லாமல் சந்தைக்கு வந்தவரைப் போல நிற்கிறார்.

பேரத்தில் இருப்பவருக்கு உள்ள பாதுகாப்புகள் சில. அரசுத் தரப்பு தந்த வாக்குறுதியைக் காப்பாற்றியாக வேண்டும் என்று 1971இலும், வந்த பேரத்தைக் கட்சிக்காரரிடம் தெரிவிக்காமல் இருப்பது வழக்கறிஞரின் தவறு என்று 2012இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறாதவருக்கு நாடுகடத்தல் அபாயத்தை வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது 2010இன் தீர்ப்பு. இழப்பு 10,000 டாலரைத் தாண்டிய மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், ஒரு நாள் சிறை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டு பறிபோகலாம் என்பதால், பணி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரையும் கலந்துகொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது. மறுபுறம், அரசுச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவல்களை ஒப்புதலுக்கு முன் தர வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்று 2002இல் முடிவாயிற்று.

ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையைத் துறக்கும் பத்தியும் வழக்கமாக இடம்பெறுகிறது. தண்டனை அறிவிக்கப்படும் முன் நியாயமான காரணம் காட்டி ஒப்புதலைத் திரும்பக் கேட்கலாம். அறிவித்த பிறகு 11ஆம் விதியின் கீழ் அந்தக் கதவு திறக்காது; மேல்முறையீடோ தனி மனுவோதான் மிஞ்சும், அதுவும் அந்தப் பத்தி விட்டுவைத்த அளவுக்கு.