வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி

பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்: "கர்ப்பப்பையத்தான எடுத்தாக? தோள்பட்டை ஏந்தம்பி இந்தக் குத்து குத்துது?"

அவருக்கு நடந்தது லேப்ராஸ்கோபி. தொப்புளிலும் அடிவயிற்றிலும் சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்து, கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்து, உள்ளே தைத்துவிடுவார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஹாரி ரைக் முதலில் இப்படி முழுமையாகச் செய்தார்.

கேமராவுக்கு உள்ளே இடம் வேண்டுமே? அதற்காக வயிற்றில் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றுகிறார்கள். ஆக்சிஜன் என்றால் சுடும் கருவியால் தீ ஆபத்து. சாதாரணக் காற்று இரத்தக் குழாயில் புகுந்தால் எளிதில் கரையாது, குமிழாகி அடைக்கும். கரியமில வாயுவோ ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கும் மேல் கரையும். சோடா பாட்டிலில் அடைபட்டுக் கிடப்பது அதுதான். இரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியே மூச்சாக வெளியேறிவிடும். அக்கா கடலில் முங்கும்போது மூச்சு முட்டி "மேலே வா" என்று விரட்டுவதும் இதே வாயுதான்!

ஆபரேஷன் முடிந்ததும் வாயுவை வெளியேற்றுவார்கள். மிச்சம் கொஞ்சம் தங்கும். எழுந்து உட்கார்ந்தால் அது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தின் அடியில் நிற்கும், உறுத்தும். இனித்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். கருவில் உதரவிதானம் உருவாகத் தொடங்குவது கழுத்துப் பக்கத்தில். வளர வளர அது நெஞ்சுக்குக் கீழே இறங்குகிறது, தன் நரம்பையும் இழுத்துக்கொண்டே. நங்கூரம் எவ்வளவு ஆழம் போனாலும் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில்தானே இருக்கும்? அப்படி அந்த நரம்பு இன்றும் கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்தே கிளம்புகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாத மூளை, தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது.

அக்காவின் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டியிருந்தது, கண்ணேறு என்று. ஆபரேஷனுக்கு முன்பு யாராவது இரண்டு நிமிடம் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் அவர் இப்படிப் பயந்திருக்க மாட்டார். எனக்கு அதுதான் ஆதங்கம். பெரும்பாலும் சில நாட்களில் வலி அடங்கிவிடும். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ காய்ச்சலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"அப்ப எப்ப முங்கலாம்?" என்றார். உள்தையல் ஆறக் குறைந்தது 6 வாரமாவது ஆகும், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கடலும் வேண்டாம், ஈரப்பாசி மூட்டையும் தூக்க வேண்டாம் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.