"சென்னைக்காரனுக்கு வெயில் புதுசா?" என்று கேட்கும் டிராவல்ஸ்காரர்களுக்கு

மகாபலிபுரத்திலிருந்து இன்னொரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், பல வருடமாக ஐந்து ரதத்தைச் சுற்றிக் காட்டுபவர். உச்சி வெயிலில் பேச்சு குழறியிருக்கிறது. பிபி ஏறிவிட்டதென்று நினைத்து உட்கார வைத்து, பாராசிட்டமாலும் சோடாவும் கொடுத்து, வேனில் படுக்க வைத்து, சாவகாசமாக இசிஆரில் இருக்கும் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். உடல் சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட். ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்குதல். பிழைத்துவிட்டார். சிறுநீரகம் பழைய நிலைக்கு வருமா என்று இன்னும் கண்காணித்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கோடையில் இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. கூட வந்த டிராவல்ஸ்காரர் கேட்டார்: "இவர் வெயில்லயே பொறந்து வளர்ந்தவராச்சே டாக்டர், இவருக்கு எப்படி?"

இந்தக் கேள்வியை இனி ஒரு முறை கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

"2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது, அதையே பார்த்துவிட்டோம், இன்றைக்கு 37 தானே" என்கிறார்கள். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் கடற்கரை ஊரில் ஏமாந்துபோவீர்கள். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வேர்வை காய்வதால்தான். வேர்வை வழிவதால் அல்ல. புழுக்கமான நாளில் மொட்டை மாடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதைப் போலத்தான் தோல்மேல் வேர்வையும் நிற்கிறது. சட்டை நனைகிறது, உப்பும் நீரும் போகிறது, சூடு மட்டும் உள்ளேயே தங்குகிறது. வேலூரின் வறண்ட 40 டிகிரியைவிட நம் கடற்கரையின் ஈரமான 36 டிகிரி உடம்பை அதிகம் வாட்டலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வங்கக்கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது. புழுக்கம் கூடாமல் என்ன செய்யும்?

"வெப்ப அலை எச்சரிக்கை வரவில்லையே" என்பது அடுத்த சமாதானம். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் வானிலை மையம் பொதுவாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தும். அதே அறிக்கையில் "வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம்" என்று ஒரு வரி வரும். நீங்கள் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். கத்திரி முடிந்தால் ஆபத்து முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அது நம் காலண்டரில் மழைக்காலம்.

வெயில் பழகும் என்பது பொய்யில்லை. ஒன்றிரண்டு வாரம் படிப்படியாக வேலை செய்தால் உடம்பு ஓரளவு தயாராகும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நெஞ்சுவலிக்காரருக்கும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவருக்கும் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். இரவாவது குளிர்ந்தால் உடம்பு தேறும். மே, ஜூனில் பல இரவுகள் 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஏசி இல்லாத வீட்டில் தூங்காமல் எழுந்து வருகிறவரைத்தான் காலையில் பாறை ஏறச் சொல்கிறீர்கள். சீசனுக்கென்று புதிதாக ஆள் எடுத்தால் முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் கொடுங்கள். தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியவரும் புது ஆள்தான்.

தொழிலின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. டிசம்பர் சீசனை 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அடித்தன. பள்ளி விடுமுறை வருவதோ கோடையில். வருகிற குடும்பங்களை விட முடியாது. விடவும் வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். எழும்பூர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பும் வேன், பதினொன்றரைக்கு வெண்ணெய் உருண்டைப் பாறையில் ஆட்களை இறக்குகிறது. நிழல் கிடையாது. கருங்கல் வேறு அனல் கக்கும். கடற்காற்று எழும்ப மதியமாகும்; மேற்குக் காற்று வலுத்தால் இன்னும் தாமதமாகும். ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். கடற்கரைக் கோயிலையும் அருச்சுனன் தபசையும் ஒன்பதரைக்குள் முடியுங்கள். நடுப்பகலுக்குக் கூரையுள்ள இடம், நீண்ட சாப்பாடு. நாலு மணிக்கு மேல் கோவளம் கடற்கரை. "கஸ்டமர் எழுந்திருக்க மாட்டார்" என்பீர்கள். பணம் வாங்கும்போதே காரணத்தைச் சொல்லிவிடுங்கள், எழுந்திருப்பார்.

கோயில் சுற்றுலா நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூடு தெரியாது. பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்து, மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறார்கள். அந்தப் புண் ஆறாமல் விரல் எடுக்க நேர்ந்த நோயாளிகளும் உண்டு. குழுவில் யாருக்குச் சர்க்கரை என்று முன்பே கேளுங்கள். அவர்களைத் தேங்காய் நார் விரிப்பின் மேல் மட்டும் நடக்க வையுங்கள். விரிப்பு இல்லாத இடத்தில் பகல் பிரகாரம் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சிப்பி, சங்கு, பாசிமணி விற்கும் பெண்கள் நீர்க்கடுப்போடு மறுபடி மறுபடி வருகிறார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னால், "குடிச்சா எங்க போறது டாக்டர்?" என்கிறார்கள். நாள் முழுக்கச் சிறுநீரை அடக்குவதற்காகவே தாகத்தை அடக்குகிறார்கள். ஓட்டலும் ரிசார்ட்டும் நடத்துகிற நீங்கள் உங்கள் கழிப்பறைக் கதவை அவர்களுக்குத் திறந்து விடுங்கள். கை கூப்பிக் கேட்கிறேன்.

வெயிலில் நின்ற ஒருவர் குழறினாலோ, தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அதை வெப்பத் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்வை கொட்டினாலும் அப்படித்தான். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இந்தச் சூட்டை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நினைவு தெளிவாக இருந்து வெறும் களைப்பு என்றால் ஓஆர்எஸ் அல்லது உப்புப் போட்ட நீர்மோர் போதும். எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

இத்தனையும் செய்ய மனமிருந்தும் கைடும் குதிரைக்காரரும் ஏன் மதியம் வரை நிற்கிறார்கள்? நின்றால்தான் அன்றைய காசு. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்ச ரூபாய் நிவாரணம் உண்டு. உயிரோடு இருக்கும்போது பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அவரை உட்கார வைக்கும் கூலியை டிரிப் கட்டணத்தில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஒரு வேனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு ஒரு இளநீர் விலைகூட வராது.