பூனை சாப்பிடவில்லையா? காத்திருக்காதீர்கள்

பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "மூணு நாளா சாப்பிடல டாக்டர், பால் மட்டும் கொஞ்சம் நக்குச்சு." அந்த மூன்று நாள்தான் என் கவலை. பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட ஆரம்பித்துவிடும், கொழுகொழுவென்று வளர்ந்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் காட்டிவிடுங்கள், குட்டி என்றால் அதற்கும் முன்பே.

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள், இரையில் இருக்கும் ஈரத்திலேயே பெரும்பாலும் காலம் தள்ளியவை. அதனால் தாகம் எடுத்தால் தானே குடிக்கும் என்று விட்டுவிட முடியாது. ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி வேண்டும், 4 கிலோ பூனைக்கு 200 மில்லி, உணவில் உள்ள நீரும் இதில் சேர்த்திதான். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்துவிட்டது.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்து ஓரமாக அரை மில்லி, ஒரு மில்லி என்று விடுங்கள், விழுங்கிய பிறகு அடுத்தது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். வாந்தி நிற்காமல் இருந்தாலோ, துவண்டு கிடந்தாலோ வாயில் எதுவும் விடாதீர்கள், அதற்கு டிரிப்ஸ்தான் வழி.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள், பல பூனைகள் அதை நக்க ஆரம்பிக்கும்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற நீரும் போய்விடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தயவுசெய்து. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

அப்புறம், ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அடைப்பு. தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள்.