இரண்டு டிஸ்க் இருந்தும் காணாமல் போன வீடியோ

போன மாதம் ஒருவர் நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருடைய ஃபைலையும் சேமித்துவைக்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "ரெண்டு டிஸ்க் போட்டிருக்கேங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்னு சொன்னாங்களே?" என்றார். டிஸ்க் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. வீட்டில் யாரோ இடம் காலி செய்யும்போது, அவர் அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ இருந்த ஃபோல்டரை அழித்துவிட்டார்கள். ஒரு டிஸ்க்கில் அழிந்தது அப்போதே மற்றதிலும் அழிந்துவிட்டது. அதன்மேல் மூன்று வாரம் புதுப் படங்கள் ஏறியிருந்ததால் எங்களால் பாதிகூட மீட்க முடியவில்லை. பாட்டியின் குரல் இருந்தது அதில் மட்டும்தானாம்.

இப்படி இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஃபைலை எழுதிவைப்பதற்குப் பெயர் ரெய்டு. அது பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கை தவறி அழித்தாலோ, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தாலோ, பவர் சப்ளை கெட்டுப்போய் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துச் சுட்டாலோ, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பேக்கப்புக்குத் தனி மெஷின் வையுங்கள் என்கிறேன்.

பெரிய செலவு இல்லை. மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம் இருந்தால் போதும். கம்ப்யூட்டரை நாஸாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற ஓஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போடலாம். டிஸ்க் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

நெட்வொர்க் கேபிளையும் பாருங்கள். இவர் வீட்டில் அப்படித் தனி மெஷின் வைத்து முதல் காப்பி எடுக்கும்போது வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், எட்டு கம்பியில் நாலைத்தான் கிரிம்ப் செய்திருக்கிறார்கள். கிகாபிட் வேகத்துக்கு (நொடிக்கு 1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். அப்படியே விட்டிருந்தால் 4 டிபி காப்பியாக நாலு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். பிளக்கை மாற்றியதும் 110 எம்பி வந்தது. பத்து மணி நேர வேலையாகிவிட்டது.

முக்கியமான விஷயம், காப்பியை எந்தப் பக்கம் எடுக்கிறது என்பது. நாஸ் அனுப்பக் கூடாது. பேக்கப் மெஷின்தான் போய் எடுத்து வர வேண்டும். பேக்கப்பின் பாஸ்வேர்டு வேறு எந்த மெஷினிலும் இல்லையென்றால், வைரஸ் வந்தாலும் சுலபத்தில் அங்கே எட்டாது. ராத்திரி 2 மணிக்குத் தானாக ஆன் ஆகி, எடுத்துக்கொண்டு, ஆஃப் ஆகும்படி வைத்தோம். அப்புறம், பழைய நிலைகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்ஸ்னாப்ஷாட் என்ற பேக்கப் மென்பொருளில் நாளுக்கு ஒன்றாக 7, வாரத்துக்கு ஒன்றாக 4, மாதத்துக்கு ஒன்றாக 6 பழைய நிலைகள் என்று வைத்திருக்கிறோம். மாறாத ஃபைல் மறுபடி இடம் பிடிக்காது.

டவுன்லோடு செய்த சினிமாவை விட்டுவிடுங்கள், அது திரும்பக் கிடைக்கும். வீட்டு வீடியோவை மட்டும் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். இவர் வீட்டில் அப்படிப் பார்த்தபோதுதான், டிஸ்க்கில் இடம் தீர்ந்து நாலு நாளாகக் காப்பி பாதியில் நின்றிருந்தது தெரிந்தது. 4 டிபியை எடுத்துவிட்டு 8 டிபி போட்டோம்.