முன்வரைவுகளை லேமினேட் செய்துவிடாதீர்கள்

காகிதப் பாதுகாப்பு என் தொழில். மறைந்த தன் தந்தை வரைந்த போர்க்கள ஓவியத்தின் முன்வரைவுகளை ஒருவர் கொண்டுவந்தார். 12 தாள்கள். ஓவியத்துக்குச் சட்டம் போட்டவர், ஸ்கெட்சுகள் கெட்டுப்போகக் கூடாதென்று லேமினேட் செய்திருந்தார். உருகிய பசை காகித இழைக்குள் இறங்கிவிட்டது. குதிரையின் கழுத்தை மூன்று முறை அழித்து வரைந்த கரிக்கோடுகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தன. என்னால் பிரிக்க முடியவில்லை.

ஓவியம்தான் இருக்கிறதே, இவை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்தைப் பாருங்கள். 1816 ஜூலையில் மெதூசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே தரைதட்டியது. படகுகளில் இடம் கிடைக்காத சுமார் 150 பேரை அவசரத் தெப்பம் ஒன்றில் ஏற்றினார்கள். 13 நாள் கழித்து மீட்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர்.

இதில் எந்தக் கணத்தை வரைவது? தெப்பத்தில் மூண்ட கலகம், பசியில் மனிதரையே தின்ற கொடுமை, மீட்புப் படகு நெருங்கும் நேரம் என்று ஜெரிக்கோ ஒவ்வொன்றையும் வரைந்து பார்த்தார். கடைசியில், தெப்பத்தில் இருந்தவர்கள் தங்களை மீட்கவிருந்த ஆர்கஸ் கப்பலைத் தொலைவில் கண்டு துணியை வீசும் கணத்தைத் தேர்ந்தார். முன்வரைவுகளில் அந்தக் கப்பல் பெரிதாகவே தெரிகிறது. 1819இல் காட்சிக்கு வந்த ஓவியத்தில் தொடுவானத்துப் புள்ளியாகிவிட்டது. பார்ப்பவர் நெஞ்சைப் பிசைவது அந்தப் புள்ளிதான். தார் போன்ற நிலக்கீல் கலந்த வண்ணத்தால் ஓவியம் இன்று வெகுவாகக் கருத்திருக்கிறது. அதில் அமிழ்ந்துபோன விவரங்களைத் தேட முன்வரைவுகளிடம்தான் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படித் தாள்கள் இருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். கரி ஓவியத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடவே கூடாது. பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். அமிலமற்ற அட்டையில் ஓவியம் தெரியும்படி சாளரம் வெட்டி, மேலே மூடும் தாள் கரியில் உரசாதபடி படுக்கவைத்து, வெயில்படாத இடத்தில் வையுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 12 தாள்களில் ஒன்று மட்டும் இயந்திரத்தில் நுழையாத அளவுக்குப் பெரியது; அதனால் தப்பியது. திருப்பினேன். பென்சிலில் ஒரு வரி: "கொடி தாழட்டும், முகம் தெரியட்டும்." மகன் அதை அன்றுதான் முதன்முறை படித்தார்.