வாழ்நலம்

நோயோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்லும் ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’ என்பதை நம் மருத்துவக் கட்டுரைகளில் ‘வாழ்க்கைத் தரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் வருமானம், வீடு, வண்டி என்றுதான் ஓடும். ‘ஸ்டாண்டர்டு ஆஃப் லிவிங்’குக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம். காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்தவரிடம் “உங்க வாழ்க்கைத் தரம் எப்படி?” என்று கேட்டால், சொந்த வீடா வாடகை வீடா என்று சொல்லத் தொடங்குவார்.

‘குவாலிட்டி’க்கு வேர் ‘குவாலிஸ்’. லத்தீனில் ‘எத்தகையது?’ என்று பொருள். அதிலிருந்து ‘குவாலிடாஸ்’ என்ற சொல்லை, கிரேக்கச் சொல் ஒன்றுக்கு ஈடாக ஆக்கியவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. உயர்வு தாழ்வு என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியது.

புண்ணின் நீள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். புண்ணோடு வாழ்பவர் படும் பாட்டை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் பழைய மூன்று வினாத்தாள்களிலிருந்து தொகுத்து 2014இல் வெளியிட்ட வினாத்தாள் ‘வூண்ட்-க்யூஓஎல்’. ‘வூண்ட்’ என்றால் புண், ‘க்யூஓஎல்’ என்பது ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’பின் சுருக்கம். மொத்தம் 17 கேள்விகள். கடந்த 7 நாள்களை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை பதில் சொல்ல வேண்டும். சராசரி ஏற ஏறப் பாடு அதிகம். வலித்ததா, தூக்கம் கெட்டதா, படியேற முடிந்ததா, எங்காவது இடித்துவிடுமோ என்று பயந்தீர்களா, செலவு அழுத்தியதா என்று போகும். நாற்றத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. எங்கள் பெரியம்மா பேத்தியின் வளைகாப்பில் உள்ளே வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது அதனால்தான். கட்டின் மேல் பழைய வேட்டித் துணியை இன்னொரு சுற்று சுற்றியிருந்தார்.

இப்படி நெடுநாள் ஆறாமல் இருக்கும் புண்ணை ஆங்கிலத்தில் ‘க்ரானிக் வூண்ட்’ என்பார்கள். ‘க்ரானிக்’ என்பது காலத்தைக் குறிக்கும் கிரேக்க ‘க்ரோனோஸ்’ வழி வந்தது. ‘நாட்பட்ட புண்’ நேர்ப் பெயர்ப்பு. எனக்கு ‘ஆறாப்புண்’தான் பிடிக்கும். பால் ஆறும், கோபம் ஆறும், புண் ஆறும். ‘ஆறுதல்’ பிறந்ததும் இந்த வினையிலேயே.

‘வாழ்நலம்’ என்பது என் பரிந்துரை. வாழ்நாள் போல இதுவும் வினைத்தொகை. “நலம், நலமறிய ஆவல்” என்று கடிதம் தொடங்கிய நமக்கு ‘நலம்’ என்றாலே ஒருவர் எப்படி இருக்கிறார் என்ற விசாரிப்பு. வாழ்நல வினாத்தாள், வாழ்நல மதிப்பெண் என்று நீட்டவும் வசதி. மருத்துவக் குறிப்பில் இப்படி எழுதலாம்: “புண்ணின் அளவு மாறவில்லை. நாற்றம் கட்டுப்பட்டது, இரவில் தூங்குகிறார், வாழ்நலம் கூடியுள்ளது.”