சுறாவின் வயிற்றில் ஒரு ஆன்டிபயாடிக்

நுண்ணுயிரியல் லேபில் கல்ச்சர் தட்டைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. நோயாளியின் சிறுநீரிலோ ரத்தத்திலோ வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஆன்டிபயாடிக் ஊறிய சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும். இப்போது பல தட்டுகளில் அந்த வளையமே இல்லை. வட்டின் விளிம்புவரை கிருமி மண்டிக் கிடக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அதனால் ‘கடலில் புதிய ஆன்டிபயாடிக்’ என்று செய்தி வந்தால் நானும் ஆவலாகத்தான் படிக்கிறேன். ஒரு மில்லி கடல்நீரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். அதற்கு நடுவே பாறையில் ஒட்டிக்கொண்டு, நகரவும் முடியாமல் வாழ்கிறது கடற்பஞ்சு. நமக்கு இருப்பதுபோல் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) அதற்குக் கிடையாது. தன்னிடமும் தன்னோடு வாழும் நுண்ணுயிரிகளிடமும் உள்ள வேதிப்பொருட்கள்தான் அதற்குப் பெரிய காப்பு.

1988-ல் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களில் கிருமியைக் கொல்லும் டாக்கிபிளெசின் என்ற பெப்டைடு (குட்டிப் புரதம்) கிடைத்தது. 1993-ல் மைக்கேல் ஸாஸ்லாஃபின் குழு ஒரு சிறிய சுறாவின் வயிற்றுத் திசுவில் ஸ்குவாலமைன் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டது. இரண்டுக்கும் நேர்மின்சுமை உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை. போய் ஒட்டிக்கொண்டு செல் சவ்வையே குலைத்துவிடும்.

சரி, அப்புறம் ஏன் இவை மருந்துக்கடைக்கு வரவில்லை? தட்டில் கிருமியைக் கொல்வது சுலபம். பிளீச்சிங் பவுடரும் கொல்லும். நம் செல்லை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்ல வேண்டும் என்பதுதான் சிக்கல். டாக்கிபிளெசின் நம் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. அளவும் ஒரு தடை: டிரபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து ஒரு கிராம் வேண்டுமென்றால் சுமார் ஒரு டன் கடலுயிரி தேவைப்பட்டது. பிறகு பாக்டீரியாவில் கிடைக்கும் மூலப்பொருளிலிருந்து அதைத் தயாரிக்க வழி கண்டார்கள். விலங்கை விட்டு அதனுள் வாழும் பாக்டீரியாவைத் தேடுவதே சரியான பாதை என்பது என் எண்ணம். 2020-ல் அப்படிக் கிடைத்த டர்பின்மைசின், எலிகளில் கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையைக் கட்டுப்படுத்தியது.

ஆனால் காலம் பிடிக்கும். சார்டீனியா கடலோரத்தில், சாக்கடை கலக்கும் இடத்தில் கிடைத்த பூஞ்சையை ஜுசெப்பே ப்ரோட்ஸு 1945-ல் ஆராய்ந்தார். அதிலிருந்து பிறந்த செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தின் முதல் மருந்து 1964-ல்தான் விற்பனைக்கு வந்தது. இன்று என் தட்டில் வளையம் காட்டாத வட்டுகளில் அந்தக் குடும்பத்து மருந்துகளும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சுறா ஈரல் எண்ணெய் மாத்திரையில் இருப்பது ஸ்குவாலமைன் அல்ல, ஸ்குவாலீன். அது ஆன்டிபயாடிக் இல்லை. அதை நம்பிக் காய்ச்சலுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் கல்ச்சர் எழுதித் தந்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடப் பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் அவர் மருந்தை மாற்றினால், பழைய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.